இரண்டாம் முறை எடுத்த இரத்தம்

ஆய்வுகூடத்தின் பின்புறம் வாத்துகள் கத்தும் சத்தத்தோடுதான் டொக்டர் அம்மாவின் நினைவு எனக்கு வரும். அறுபதுகளில் கொழும்பில் அவரிடம் வேலை பார்த்தேன். நுளம்பு கடித்துப் பரப்பும் வைரசுக் காய்ச்சல்களை இரத்தத்தில் கண்டறியும் சோதனையைப் பிழையில்லாமல் ஆக்குவதே அவருடைய வேலை. அதற்கு வாத்தின் சிவப்பணுக்கள் வேண்டும். வைரசு அந்த அணுக்களை ஒட்டவைத்துத் தட்டின் குழியில் பாயாக விரித்துவிடும். அந்த வைரசை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் நோயாளியின் இரத்தத்தில் இருந்தால் வைரசால் அது முடியாது; அணுக்கள் குங்குமப் பொட்டாக அடியில் இறங்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து போய் முரசுமோட்டையில் குடியேறி நெல் விதைத்து வந்த என் அக்காவுக்கு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டது. மலேரியா என்று குளிசை கொடுத்தார்கள், கேட்கவில்லை. மூட்டுகள் வீங்கி, விரல்களை மடக்க முடியாமல் போயிற்று. அயலிலும் பலருக்கு அதே நோவு. இந்த மண்ணில் ஏதோ முடக்கு வருத்தம் இருக்கிறது என்ற கதை பரவியது. அத்தான் காணியை விட்டுவிட்டுத் திரும்பிப்போக யோசித்தார். தந்தி கிடைத்து, காய்ச்சலின் மூன்றாம் நாளே டொக்டர் அம்மாவும் நானும் ரயிலில் போய் இரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுவந்திருந்தோம்.

சோதனையில் அக்காவின் குழியில் பொட்டு விழுந்தது. நோய் பிடிபட்டது என்று நான் துள்ளினேன். டொக்டர் அம்மா தன் இரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார். அதிலும் பொட்டு.

“எனக்கு இந்தக் காய்ச்சல் வரவேயில்லை. அப்ப சோதினை பொய் சொல்லுது,” என்றார்.

எல்லாருடைய இரத்தத்திலும் இயல்பாக உள்ள ஏதோவொன்று எதிர்ப்பொருளைப் போல நடிக்கிறது என்று கண்டார். வெண்களி கலந்து அதை அகற்றி மறுபடி பார்த்தபோது அவருடைய பொட்டும் மறைந்தது, அக்காவின் பொட்டும் மறைந்தது. என் முகம் வாடியதைக் கண்டு, “இப்பதான் இது உண்மை சொல்லத் தொடங்கியிருக்கு. திரும்பப் போவம்,” என்றார்.

அத்தானுக்குக் கோபம். “காய்ச்சல் மாறிட்டுது. இனி ஏன் ரத்தம்?”

“காய்ச்சல் தொடங்கேக்கை எடுத்த ரத்தத்துக்கு எதிரியைத் தெரியாது, அண்ணை. இப்ப தெரிஞ்சிருக்கும். ரெண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாத்தாத்தான் நான் சரியாச் சொல்லலாம்.”

அக்கா கையை நீட்டினாள்.

அந்தத் தட்டை இன்றும் மறக்க முடியவில்லை. முதல் இரத்தத்தின் வரிசை முழுவதும் பாய். இரண்டாவதில், எவ்வளவு நீர்த்தாலும் குழிக்குக் குழி சிவப்புப் பொட்டு. டெங்கு வைரசு வைத்த பக்கத்துத் தட்டில் ஒன்றுகூட இல்லை. மூட்டுகளை முடக்கும் சிக்குன்குன்யா வைரசு வைத்த இந்தத் தட்டில் மட்டுமே. யார் கண்ணுக்கும் படாமல் வந்து போன ஒன்றை அக்காவின் உடல் இனங்கண்டு, நினைவில் வைத்திருந்தது! கோயிலில் நிற்பதுபோல நின்றேன்.

சேதி சொல்ல நாங்கள் போனபோது அத்தான் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“மண்ணிலை ஒண்டுமில்லை. நுளம்பாலை வந்த காய்ச்சல். உங்கடை மனிசியின்ரை கை சரிவரும்,” என்றார் டொக்டர் அம்மா.

“எப்ப?”

“அது எனக்குத் தெரியாது, அண்ணை.”

 அத்தான் வண்டியில் பூட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டார். அந்தத் ‘தெரியாது’தான் தன்னை நம்பவைத்தது என்று பின்னாளில் சொன்னார்.

இன்று விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளியும் சின்னஞ்சிறு அட்டையும் போதும். தேநீர் ஆறுமுன் விடை வந்துவிடுகிறது. எனக்கு இன்னும் அந்த வியப்பு தீரவில்லை. அன்று, அந்த மழைக்காலத்து நெல் விளைந்து அரிவு வெட்டும் நாளில் அக்காவும் வயலில் இறங்கினாள். அத்தான் வெட்டுவதை விட்டுவிட்டு, அரிவாளை இறுகப் பிடித்திருந்த அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.