போன் எச்சரிக்குது, நாங்க 'சரி'ங்கிறோம்

கெட்டுப்போன போனைத் திருத்துவது லேசு. நன்றாக ஓடும் போன் வாய் திறந்து குறை சொல்ல ஆரம்பித்தால்தான் திருத்துகிறவன் பாடு திண்டாட்டம். இலங்கை மலையகத்துக் கொட்டகலையில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். உங்கள் போனும் என்றைக்காவது "இந்தச் சாதனம் ஏற்புடையதல்ல" என்று முறைத்திருக்கிறதா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான், உட்காருங்கள்.

ஏற்காத சார்ஜர்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் லெட்சுமி அக்கா ஒருநாள் வேலை முடிந்த கையோடு வந்தார். சந்தையில் வாங்கிய சார்ஜரைக் குத்தினால் "ஆதரிக்கப்படாத துணைக்கருவி" என்று வருகிறதாம். போனுக்குச் சுகமில்லையோ என்று பயந்துபோயிருந்தார்.

"போனுக்கு ஒண்ணுமில்லக்கா. இந்த சார்ஜரைக் கம்பனி ஏத்துக்கலையாம், அதான் கவனம்னு சொல்லுது" என்றேன். பயம் போய், முகத்தில் ஒரு ஏளனம் வந்தது.

"கம்பனி ஏத்துக்காட்டி போகட்டும் தம்பி, கரண்டு ஏறுதுல்ல?"

ஈரம்

நானுஓயா ஸ்டேஷனில் வேன் ஓட்டும் சிவாவின் போன், ஒயரைச் செருகினாலே "உள்ளே ஈரம், கழற்றவும்" என்று கத்தும். காயவைத்துக் கொடுத்தேன். வீடு போய்ச் சேருமுன் பனிமூட்டத்தில் மறுபடி கத்தியதாம். காய்ந்த இடமாகப் பார்த்து வைக்கச் சொன்னேன்.

"நுவரெலியாப் பக்கம் காஞ்ச எடம் எங்கண்ணே இருக்கு? சொல்லுங்க, நானே போய்ப் படுத்துக்கிறேன்."

புத்தம்புதுசு

பாலர் பாடசாலை டீச்சர் ஒருவர். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை "புத்தம்புதுசு" என்று கொடுத்த போன், "திரை அசல்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை" என்றது. திறந்து பார்த்தேன். திரை மட்டுமா, பட்டரியும் மாற்றிப் போட்டது.

நம்மால் ஒரு கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்று, "சில நேரம் போன் சும்மாவும் சொல்லும் மிஸ்" என்று மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை. போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இல்லீங்க, போனாவது உண்மையச் சொல்லுது. அவருகிட்ட எத்தனையோ தரம் கேட்டுட்டேன், இன்னும் புதுசுன்னுதான் சொல்றாரு."

ஒழுங்கான மனுஷன்

இது சிரிக்கிற விஷயமில்லை. தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்யும் முருகையா அண்ணன், கரிந்துபோன போனைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில், தன் காம்பரா அறையில் மெத்தைமேல் வைத்து சார்ஜ் போட்டிருக்கிறார். பட்டரி வெடித்து மெத்தை பற்றிக்கொண்டது. பக்கத்தில் தூங்கிய மகளை வாரி எடுத்துக்கொண்டு மனைவி வெளியே ஓடினார். அண்ணன் மெயினை அணைக்க, அடுத்த காம்பராக்காரர்கள் ஈரச் சாக்குகளைப் போட்டு அமுக்கியதில் லயம் தப்பியது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

தண்ணீர் குடிக்கக் கொடுத்துவிட்டு, "சார்ஜர் சரியில்ல, கழட்டுங்கன்னு போன் சொல்லலையாண்ணே?" என்று கேட்டேன்.

"சொல்லாம என்னங்க, தெனமும் சொல்லும். நானும் மரியாதையா 'சரி'ன்னு அமுத்திட்டுத்தான் போடுவேன்."

எச்சரிக்கை கட்டாயம் வேண்டியதுதான்; ஆனால் அதற்குக் கீழே அந்த 'சரி' பொத்தானை வைத்த புண்ணியவானுக்குத்தான் முதலில் ஒரு எச்சரிக்கை கொடுக்க வேண்டும்.