சூடு இல்லை என்று எழுதியவன்

அந்த எரிமலைத் தீவின் அடியில் மின்சாரம் எடுக்கப் போதிய சூடு இல்லை என்று எழுதியவன் நான். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

எண்பதுகளில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில், நிலவெப்பத்தை ஆராயும் சிறு நிறுவனமொன்றின் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்தவன். ஆனால் அதுவரை இன்டர்லாக்கன் ஹோட்டலொன்றின் சமையலறையில் நின்றவன். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வந்திருக்கவில்லை.

எங்கள் நிலவியலாளர் கறாரான சுவிஸ் பெண்மணி. தீவின் வெந்நீர் ஊற்றுகளில் நீர் சேகரித்து வருவார். அடியில் சூடு கூடினால் நீரில் சிலிக்காவும் கூடுதலாகக் கரைந்திருக்கும். அதை அளந்தால் துளையிடாமலே வெப்பத்தை மதிப்பிடலாம். நீர் குளிர்ந்தால் சிலிக்கா படிந்துவிடும். அதனால் ஊற்றடியிலேயே காய்ச்சி வடித்த நீர் கலந்து ஐதாக்கிவிடுவது அவர் வழக்கம். அம்முறை வடித்த நீர் தீர்ந்துபோக, ஊற்றுநீரைச் சூடு ஆறாத குடுவைகளில் கொண்டுவந்து, "இன்றைக்கே கலந்துவிடுங்கள்" என்று தந்துவிட்டுப் போனார்.

ஹோட்டலில் பின்கதவால் எது வந்தாலும் முதலில் குளிரறைக்குத்தான் போகும். என் கைக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. நீரைப் போத்தல்களில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வேறு வேலையில் மறந்தேன். திங்கட்கிழமை பார்த்தால் சிலிக்கா அடியில் வெள்ளைக் கூழாய்ப் படிந்திருந்தது. மேலே தெளிந்ததை மட்டும் அளந்து, சிலிக்கா குறைவு என்று எழுதினேன். போத்தல்களைக் கழுவிவிட்டேன்.

"என் சப்பாத்தின் அடி உருகிய நிலம் அது. இந்த எண் பிழை" என்று கூட்டத்தில் அவர் மேசையில் அடித்தார். நிறுவனத்தின் இயக்குநர் சிரித்தார். திட்டம் கைவிடப்பட்டது. நீரைச் சரியாகச் சேகரிக்கவில்லை என்று பழி அவர்மேல் விழுந்தது, களப்பணியும் பறிபோனது.

என்னோடு அறையில் இருந்த அண்ணையிடம் மட்டும் சொன்னேன்.

"வாயைத் திறந்தியோ, வேலையும் போச்சு, விசாவும் போச்சு. பேசாமல் கிட."

"என்னாலதானே அண்ணை அவவைப் பிழை பிடிக்கிறாங்கள்."

"ஓம், நீ பெரிய நீதவான். பிளேனில ஏத்துவாங்கள், கொழும்பில போய்த் தீர்ப்புச் சொல்லு."

ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசாமல் கிடந்தேன். பிறகொரு கூட்டத்தில் எழுந்து, பிழையும் என்னுடையது, மறைத்ததும் நான் என்றேன். "அறிக்கை போய்விட்டது. உட்காருங்கள்" என்றார் இயக்குநர். நான் உட்காரவில்லை.

நிலவியலாளர் அம்மா தன் விடுமுறையில், சொந்தச் செலவில் மறுபடியும் தீவுக்குப் போனார். இம்முறை ஊற்றடியிலேயே கலந்து கொண்டுவந்தார். இயக்குநர் தடுத்தும் நான் அளந்தேன். முதல் போத்தலிலேயே சிலிக்கா பழைய எண்ணை எங்கோ தாண்டிப் போயிற்று. மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்புக் கிடையாது. அடுத்த போத்தலை எடுங்கள்" என்றார்.

புதிய அளவுகளை இருவரும் கையெழுத்திட்டுத் தீவு நிர்வாகத்துக்கு அனுப்பினோம். பதில் இல்லை. எனக்கு வேலை போயிற்று. இன்டர்லாக்கனுக்குத் திரும்பிக் கோப்பை கழுவினேன். விண்ணப்பம் இழுபட்டுக் கிடந்தது. ஆனால் பிளேனில் யாரும் ஏற்றவில்லை. பழைய அறிக்கையை நிறுவனம் திரும்பப் பெறவேயில்லை. தீவில் இன்றும் டீசலில்தான் விளக்கு எரிகிறதாம். எரியட்டும். கேட்பவர், கேளாதவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்: அங்கே சூடு இருக்கிறது.