இரும்பு அறைக்குள் குமுளி இறக்கம்

நோயாளியோட சேர்ந்து அடைபட்டுக் கிடக்கிற வேலை என்னோடது. ஆஸ்பத்திரியில ஆயா வேலை பார்த்தவுகளுக்கு என் பாடு புரியும். தேனியில ஒரு ஆஸ்பத்திரிக்கு லாரி நீளத்துல இரும்பு அறை ஒண்ணு வந்தது. கதவைச் சாத்தி உள்ளே காத்தழுத்தத்தை ஏத்துவாக; முகமூடி வழியா ஆக்ஸிஜன் வரும். தச்ச சதை பிடிக்க அது ஒரு ஒத்தாசை. குழந்தைக தனியா இருக்காதுக, அதனால துணைக்கு நான்.

எண்ணெய்த் தலை

ஓடைப்பட்டி பவித்ராவுக்கு ஆறு வயசு. அப்பா ஓட்டின பைக் சக்கரத்துல மாட்டி குதிகால் பிஞ்சுபோச்சு. டாக்டர் கால் சதையைத் திருப்பி வச்சுத் தச்சிருந்தாக. அதோட ஓரம் கறுக்க ஆரம்பிச்சது. சதை செத்துட்டா மறுபடியும் கத்திதான்.

முதல் நாளே அவ அம்மா தலை வழிய எண்ணெய் தடவி, நைலான் கவுன் மாட்டிக் கூட்டியாந்தா. ஆக்ஸிஜன்கிட்ட ரெண்டும் ஆகாது. ஒரு பொறி போதும். ரெண்டு தடவை ஷாம்பூ போட்டு அலசி, பருத்திச் சட்டை மாட்டினேன். அம்மாவுக்கு முகம் கோணிப்போச்சு. "பரட்டைத் தலையோட புள்ளைய டாக்டர்ட்ட காட்டுனா, பெத்தவ செத்துட்டாளான்னு கேக்க மாட்டாகளாக்கா?"

காது

அழுத்தம் ஏறவும் பவித்ரா காதைப் பொத்திக்கிட்டு வீல்னு கத்தினா. "தம்பி, நிப்பாட்டு!"ன்னு சுவத்து மைக்குல சொன்னேன். வெளியே இருந்த ஆபரேட்டர் நிப்பாட்டினான். இன்னைக்கு வெளியே விட்டுட்டா நாளைக்கு உள்ளயே வரமாட்டா. அப்புறம் குதிகால் என்னாகுறது? சட்டுன்னு ஒண்ணு தோணுச்சு.

"ஏத்தா, குமுளி மலையில இருந்து லோயர் கேம்ப்புக்கு பஸ்ஸு எறங்கையில காது அடைக்குமா இல்லையா?"

"அடைக்கும்."

"எச்சில முழுங்குனா?"

"தெறந்துரும்."

"இதுவும் அந்த பஸ்ஸுதான். முழுங்கு!"

தண்ணியக் குடிச்சா, முழுங்கினா, கண்ணு விரிஞ்சது. மைக்குல வாயை வச்சுக் கத்தினா பாருங்க: "டிரைவரண்ணே, வளைவுல மெதுவாப் போங்க!"

கட்டுப் பிரிச்ச அன்னைக்கு

அவ அப்பா தினமும் வட்டக் கண்ணாடி வழியாப் பார்த்துக்கிட்டே நிப்பாரு. மகளோட ஒரு வார்த்தை பேசமாட்டாரு. பைக் ஓட்டினது அவருதானே. கட்டுப் பிரிச்ச அன்னைக்கு நான்தான் அவரு கையைப் பிடிச்சு மககிட்ட இழுத்தாந்தேன். கறுப்பு, நகக்கண் அளவுக்குச் சுருங்கியிருந்தது! டாக்டர் சதையை விரலால அமுக்கினாக, வெளுத்துச்சு. விரலை எடுக்கவும் குப்புன்னு சிவந்துச்சு. "ரத்தம் ஓடுது. இனி கத்தி வேண்டாம்"னாக. என்னையறியாம கை தட்டிட்டேன்!

அவ அப்பா திராட்சைத் தோட்டக்காரரு; குனிஞ்சு பார்த்து, "ஒட்டுக் கட்டுன கொடி துளுத்த மாதிரியில்ல இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே அழுதுட்டாரு. பவித்ரா அவரு மோவாயைத் தூக்கினா. "வீட்டுக்கு பைக்லயே போவோம்ப்பா. நான் காலை அகட்டி வச்சுக்கிறேன்."

ஒரு அடிகூட நகராத பஸ்ஸுல தினமும் குமுளி இறக்கம் இறங்கினவ, தேனி ஜில்லாவுலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.