ஷெர்லின் தீவிலிருந்து சொன்ன பதில்

கடலுக்குப் போகாத மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் ஆலந்தலை சிலுவை. அலையோடு மல்லுக்கட்டுவது தன்னோடு ஒழியட்டும், மகள் ஷெர்லின் ஒருநாளும் கரையில் நின்று வள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். தூத்துக்குடி ரெக்சன் விமானப்படையில் மெக்கானிக் என்று கேள்விப்பட்டதும் மனிதருக்கு வாயெல்லாம் பல்.

முதலில் ஆக்ராவில் குடித்தனம். சிலுவை நிம்மதியாகத் தூங்கினார். அடுத்த மாற்றல் கார் நிக்கோபார் என்று வந்தது. நாலாபக்கமும் கடல், நடுவில் ஒரு ஓடுதளம்.

"பாத்துப் பாத்துக் கட்டிக் குடுத்தேன். தேடிப் போயிப் புடிச்சிட்டு பாத்தியா, கடலு?" என்று போனில் சிரித்தார். அதில் பாதிதான் சிரிப்பு.

தீவில் கப்பல் வந்தால் தக்காளி உண்டு, வராவிட்டால் பருப்பு மட்டும். சுனாமி வாரிக்கொண்டு போன பழைய குடியிருப்பின் அடித்தளங்கள் இன்னும் கடற்கரையோரம் கிடந்தன. அந்தப் பக்கம் பிள்ளைகளை விளையாட விட யாருக்கும் மனம் வராது. மறுபடி அலை வந்தால் எடுத்துக்கொண்டு ஓட, குவார்ட்டர்ஸ் பெண்கள் ஆளுக்கொரு பையில் துணிமணியும் தண்ணீர் பாட்டிலும் கட்டி வாசல் பக்கம் வைத்திருப்பார்கள். ஷெர்லினும் வைத்திருந்தாள். அதைத் தாண்டித்தான் தினமும் வாசல் பெருக்கப் போவாள், மகனைப் பள்ளிக்கு அனுப்புவாள். காலையில் வள்ளம் கரை சேர்ந்ததும் அப்பா கூப்பிடுவார். என்ன மீன் பட்டது, எவன் வலை கிழிந்தது என்று ஊர்க்கதை முழுக்க வந்துவிடும். அந்த ஒரு போனில்தான் அவளுக்குப் பொழுது விடியும்.

ஒருநாள் அப்பாவின் எண்ணிலிருந்து தம்பி ஜெரால்டு பேசினான். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் மணலிலேயே சரிந்துவிட்டாராம். திருச்செந்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

அன்றைக்குப் பார்த்துத் தீவில் மழை பிடித்துக்கொண்டது. சென்னையிலிருந்து கிளம்பிய விமானம் பாதி வழியில் திரும்பிவிட்டது. ரெக்சனின் அதிகாரி நல்ல மனிதர். வானம் தெளிந்தால் முதல் விமானத்தில் இவர்களுக்குத்தான் இடம் என்றார். மறுநாளும் வானம் தெளியவில்லை. அலை எழும்பிக் கிடந்ததால் கப்பலும் வரவில்லை.

ஆலந்தலையில் ஒரு சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. பகையாளி வீட்டுச் சாவுக்கும் அதே கட்டுத்தான். சிலுவை ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். மகள் வரட்டும் என்று ஊர் காத்திருந்தது.

"ஏலே, கடலு எப்படி இருக்கு?" என்று ஷெர்லின் போனில் தம்பியிடம் கேட்டாள்.

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லு."

"கச்சான் காத்து நின்னுட்டு. சாளை மீனு கரைக்கே வந்து நிக்கி. நீ அதெல்லாம் நினைக்காதக்கா. யாரும் ஒண்ணும் சொல்லல."

யாரும் சொல்லமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அந்த மேற்குக் காற்றில் மீன் படாமல் எத்தனையோ நாளாக ஊரில் அடுப்பு சரியாக எரியவில்லை என்று அப்பாதான் சொல்லிக்கொண்டிருந்தார். முன்பு ஒருமுறை வளைகுடாவிலிருந்து வரவேண்டிய ஒரு மகனுக்காக ஊர் இப்படித்தான் காத்துக் கிடந்தது. அப்போது தன் வீட்டில் வெறும் கஞ்சி குடித்ததும், அப்பா ஒரு வார்த்தை குறை சொல்லாமல் வலையைத் தைத்துக்கொண்டிருந்ததும் அவளுக்கு மறக்கவில்லை.

"நாளைக்கு எடுத்துருங்க," என்றாள்.

ரெக்சனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏளா, மாமா மொகத்தப் பாக்காம உன்னால இருக்க முடியுமா?"

"முடியாது," என்றாள். "அதுக்கு ஊரு பட்டினி கெடக்கணுமா?"

பக்கத்து குவார்ட்டர்ஸ் ஹரியானாக்காரி கம்லேஷ், காத்திருக்கிறோம் என்பவர்களை எதற்குத் தடுக்கிறாய் என்று இந்தியில் கேட்டாள். சாளையைப் பற்றி அவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? இவளுக்குக் கல் நெஞ்சு என்று கம்லேஷ் நினைத்திருக்கலாம்.

மறுநாள் வீடியோ அழைப்பில் அப்பாவைக் காட்டினார்கள். கடைசி முத்தம் கொடுக்க ஜெரால்டு குனியும்போது படம் உறைந்துபோனது. பெட்டி மூடியதை அவள் பார்க்கவில்லை. போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கதறினாள்.

அதற்கு அடுத்த நாள் வானம் பளிச்சென்று விடிந்தது. ஒருநாள் முந்தித் தெளிந்திருந்தால் குடியா முழுகியிருக்கும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மகனைத் தூக்கிக்கொண்டு இருவரும் சென்னை போய், அங்கிருந்து தூத்துக்குடிக்கு விமானம் மாறி, கார் பிடித்து ஆலந்தலை வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

இறங்கியதும் அவள் கண்ணில் பட்டது கரைதான். வள்ளங்கள் அத்தனையும் கடலில் இறங்கிய தடமே இல்லாமல் மணலில் நின்றன.

"ஏலே, அடக்கம் முடிஞ்சிட்டுன்னு சொன்னியே! பொறவு எதுக்குல வள்ளம் இங்கன நிக்கி?" என்று தம்பியின் சட்டையைப் பிடித்துவிட்டாள். அப்பாவின் முகத்தையே விட்டுக்கொடுத்து வாங்கிய நாள் வீணாய்ப் போயிற்றே.

ஊர்க் கமிட்டித் தலைவர் ராஜதுரை வந்து அவள் கையை விலக்கினார்.

"அவன விடு தாயி. நீ சொன்னதத் தட்டக் கூடாதுன்னு பெட்டிய எறக்கிட்டோம். மக மண்ணு போடாம அடக்கம் முடிஞ்சதுன்னு எவன் சொல்லுவான்? குழியில எடுத்த மண்ணுல ஒரு கூடை உனக்கு வச்சிருக்கு. வா."

கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கூடை சாக்கு போட்டு மூடியிருந்தது. ஷெர்லின் இரண்டு கையாலும் அள்ளி அப்பாவின் மேல் போட்டாள். "அப்பா, வந்துட்டேன்," என்றாள். மகன் கையிலும் கொஞ்சம் கொடுத்துப் போடச் சொன்னாள். மிச்சத்தை ஜெரால்டு கொட்டிச் சமன்படுத்தினான்.

அவள் கல்லறைத் தோட்ட வாசலுக்கு வருவதற்குள் கரையில் ஒரு மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்டது. பின்னாலேயே இன்னொன்று. வீட்டுக்குப் போகலாம் என்று ரெக்சன் கூப்பிட்டான். அவள் போகவில்லை. நேரே கரைக்கு நடந்து, மண் ஒட்டிய கையோடு, கடைசி வள்ளம் கண்ணுக்கு மறையும்வரை அங்கேயே நின்றாள்.