பத்து நாள் காய்ச்சல் என்று நான் சொல்ல வைத்த பொய்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. பெரிய யுத்தம் முடிந்த மறுவருடம், 1919இல், இலங்கையில் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் தாதியாக இருந்தேன். மருந்துக்கூடத்தை ஒட்டிய ஒற்றை அறைதான் என் வீடு.

2. ஐப்பசி மழையில், பண்டாரவளையில் ரயிலை விட்டு இறங்கிய ஒருவர் காலை இழுத்து இழுத்து நடந்து வந்து என் வாசலில் விழுந்தார். கடும் குளிர்காய்ச்சல். ஆப்பிரிக்கக் காட்டுப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்.

3. அவர் தேடி வந்தது எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை. அவளுடைய கணவன் தன்னையும் கூட இருந்தவர்களையும் காப்பாற்றி உயிரை விட்டதை அவளிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றார்.

4. நான் அவரைப் பொய் சொல்ல வைத்தேன்.

அந்தக் கணவன் தோட்டத்தில் தேயிலைச் செடிகளின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டியவன். திருச்சிப் பக்கம் சொந்த ஊருக்குப் போன இடத்தில் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான் என்று மட்டும் தெரியும். நான்கு வருடமாகத் தகவலே இல்லை. "ஒம் புருசன் அங்க கவ்வாத்து வெட்டுறானா, கல்யாணம் கட்டிக்கிட்டானா?" என்று, வரிசை வீடுகளான லயத்தில் அவளோடு குடியிருந்த பெண்கள் கேட்டுச் சிரிப்பார்கள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

சிப்பாய் என்னிடம் சொன்னது இதுதான். காட்டாற்றங்கரையில் எதிரிகள் வளைத்துக்கொண்டார்கள். காலில் குண்டுபட்ட இவரைத் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் ஆற்றைக் கடக்க வேண்டும். விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் துப்பாக்கியோடு அவன் மட்டும் தங்கிக்கொண்டான். இவர்கள் அக்கரை சேரும்வரை சுடும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

தனி அறையில் படுத்து எதையாவது நினைத்தே பொழுது விடிவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆளில்லாத காட்டில் அவன் தனியாகச் செத்ததை அவள் அப்படி நினைத்துக் கிடக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து, வலியில்லாமல் போய்விட்டார் என்று சொல்லச் சொன்னேன். சிப்பாய் அரைமனதாகத் தலையாட்டினார்.

மாலையில் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்ததும் அவள் வந்தாள். நனைந்த கம்பளியோடு வாசலிலேயே நின்று கேட்டாள். அழவில்லை.

"பத்து நாளா?"

"ஆமாம்மா," என்றார் சிப்பாய்.

"பத்து நாள்ல ஒரு தடவைகூட எம் பேரைச் சொல்லலையா?"

சிப்பாய் என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப லயத்துல அவளுக சொன்னது சரிதான்," என்று அவள் திரும்பினாள்.

சிப்பாய் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார். "நில்லு தங்கச்சி! அது பொய்யி." ஆற்றங்கரையில் நடந்த எல்லாவற்றையும் சொன்னார். "தோட்டத்துப் பேரு, லயம், ஒம் பேரு, மூணையும் என்னைத் திருப்பிச் சொல்ல வச்சுட்டுத்தாம்மா எங்களைப் போகச் சொன்னாரு. இல்லாட்டி இந்த மலையில ஒன்னைய நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நோவு எனக்குத்தானே, நர்ஸம்மா? அதை மாத்த நீங்க யாரு?"

மறுநாள் காலை, நான் தடுத்தும் கேளாமல் சிப்பாய் பெரட்டுக்களத்துக்குப் போனார். வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் அதையே சொன்னார். சிரித்த பெண்கள் அவளைக் கட்டிக்கொள்ள வந்தார்கள். அவள் விலகி நின்றாள்.

காய்ச்சல் தணிந்ததும் அவர் ஊருக்குப் போய்விட்டார். அவள் அதே மலையில் கொழுந்து எடுக்கிறாள். என்னைக் கண்டால் தலையை அசைப்பாள், பேசுவதில்லை. சாவுச் செய்தி சொல்லும் வேலை எனக்கு அடிக்கடி வருகிறது; இப்போதெல்லாம் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டு, அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல அங்கேயே நிற்கிறேன்.