மெஷின் பார்க்கப் போன சனிக்கிழமைகள்

மனைவி இறந்த மறு வருஷம், 2009இல், வீட்டுக்கு ஒரு காபி மெஷின் வாங்குவது என்று முடிவு செய்தேன். ஃபில்டரில் நான் இறக்கும் டிகாஷனைக் குடிப்பதைவிடக் குடிக்காமலே இருக்கலாம். கடலூரிலேயே கடைகள் உண்டு. ஆனால் சிதம்பரத்தில் ஒரு கடையில், வாங்குவதற்கு முன்பே காபி போட்டுக் காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டுச் சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் எதிர் டீக்கடையிலிருந்து பால் வரவழைத்து, ஒரு மெஷினில் காபி போட்டார். எனக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டுத் தனக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். எதிரே ஓர் ஆள் இருந்து நான் காபி குடித்து மாதக்கணக்காகியிருந்தது. காபி நன்றாகவே இருந்தது.

"தண்ணியா இருக்குங்க" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை வேறு மெஷின். கசக்கிறது என்றேன். அதற்கடுத்த வாரம், சூடு போதவில்லை என்றேன். இடையிடையே அவர் மகளின் படிப்பு, என் மனைவி, மழை என்று பேச்சு ஓடியது.

ஐந்தாவது வாரம் அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அவுங்க போட்ட காபி மாதிரி எந்த மெஷினும் போடாது சார். ஏதாச்சும் ஒன்ன எடுத்துக்கிட்டுப் போங்க."

அவள் காபி சுமார்தான். அதைச் சொல்ல மனம் வராமல் ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

"ஒரு வருஷம் வாரண்டி சார். ரிப்பேர்னா நேரா இங்க எடுத்தாந்துடுங்க" என்றார்.

பாழாய்ப்போன மெஷின், அந்த ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை.