மேல்மண்

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் நின்றபடியே பதினேழு வருடம் போயிற்று. முழங்கால் வலி தாங்காமல் வேலையை விட்டேன். காங்கேயம் பக்கத்தில் அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் கொரங்காடு இருந்தது. உழாமல், மாடு மேய்வதற்கென்றே புல்லுக்கு விட்டுவைக்கும் நிலத்தை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். இரண்டு மாடு வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அத்தனை வருடமும் நிலம் தம்பியின் பொறுப்பில் இருந்தது. போனில் கேட்டால், "காடு பச்சைப்பசேல்னு இருக்குதுங்க்கா" என்பான். போட்டோவும் அனுப்புவான். பச்சையாகத்தான் தெரிந்தது.

நேரில் போனபோது அத்தனையும் பார்த்தீனியக் களை. இடுப்பளவு வளர்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. கொழுக்கட்டைப் புல் ஒரு தூர்கூட இல்லை.

"மழை ஏமாத்திப்போட்டுதுங்க்கா" என்றான் தம்பி. நம்பினேன்.

கையெல்லாம் அரிக்க அரிக்க அதைப் பிடுங்கிப்போட்டு, புல்விதை தூவினேன். முளைத்தது. விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகிக் கருகிவிட்டது. அடுத்த மழைக்கும் அப்படியே. பார்த்தீனியம் மட்டும் மறுபடி தழைத்தது. வேலிக்கு அந்தப்புறம், பக்கத்துக் காட்டில், அதே மழைக்குப் புல் முழங்காலைத் தொட்டது.

வேளாண்மை ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்து பார்த்தார். வேலியோரம் ஒரு குழி, நடுக்காட்டில் ஒரு குழி வெட்டச் சொன்னார். வேலியோர மண் செம்பழுப்பாகப் பொலபொலவென்று உதிர்ந்தது. நடுவில் கடப்பாரை 'ணங்'கென்றது. மண்ணுக்கு அடியில் கிடக்கும் வெளுத்த ஓடைக்கல், சுண்ணாம்புப் பாறை.

"ஏனுங்க்கா, இங்கிருந்த மேல்மண்ணு எங்கீங்க?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். புல்வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை மேல்மண்ணில்தான் இருக்குமாம். கண்ணுக்குத் தெரியாத நூல் போல ஓடி, வேர் எட்டாத இடத்துச் சத்தையும் ஈரத்தையும் கொண்டுவந்து கொடுக்குமாம். மண் போனால் அதுவும் போயிற்று. வெற்றிடத்தில் பார்த்தீனியம் ஏறிக்கொள்ளும். அது பிற விதைகளை எழவிடாது.

நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன்.

"ரோட்டோரம் ஒரு கம்பெனி கட்டுனாங்க. பள்ளத்தை ரொப்ப மண்ணு கேட்டாங்க, பொக்லைன் விட்டு வழிச்சுக் குடுத்தேன். ஒரு அடிதானுங்க்கா. அடியில இருக்கறதும் மண்ணுதானுங்களே?"

"எப்படா?"

"நாலு வருசமாச்சுங்க்கா."

"அப்புறமும் போட்டோ அனுப்புனியேடா?"

தரையைப் பார்த்தான். "நீங்க திரும்பி வருவீங்கன்னு நெனைக்கலீங்க்கா."

அவன் மனைவி வைத்த காபியைத் தொடாமல் எழுந்தேன். மண்ணைக் கொடுத்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்தப் போட்டோக்களைப் பனியன் கம்பெனியில் எல்லோருக்கும் காட்டியிருந்தேன். அதுதான் ஆறவில்லை.

அந்தப் பெண் சொன்னபடி, பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேட்டு, புல்வேரோடு மண்ணைக் கூடையில் கொண்டுவந்து குழிகுழியாக வைத்தேன். இந்த வருடம் மூன்று இடத்தில் புல் நின்றிருக்கிறது. ஒரு பாய் அகலம் இருக்கும்.

போன வாரம் தம்பி வந்து வேலிப் படலுக்கு வெளியிலேயே நின்றான்.

"டிராக்டர் விட்டு நல்லா உழுது குடுத்தறட்டுங்களா?"

உழுதால் அந்தப் பூஞ்சை நூல் அறுந்துபோகும் என்பது இப்போதும் அவனுக்கு விளங்கவில்லை.

"வேண்டாம். படலைச் சாத்தீட்டுப் போ" என்றேன்.